போறேன்னு சொன்ன தம்பி

எங்க வூட்டு மாடியில குடியிருந்த படக்காரத் தம்பிக்கு ‘போயிட்டு வரேன்’னு சொல்ல வராது. டீ குடிக்கத் தெருமுனைக்குக் கிளம்புனாலும் சரி, கேமராவைத் தூக்கிக்கிட்டு கொள்ளிடக் கரைக்குக் கிளம்புனாலும் சரி, படியிறங்கி வந்து வாசல்ல நின்னு “போறேன்க்கா”ன்னுதான் சொல்லுவான். காலங்காத்தால சாமி படத்துக்கு விளக்கேத்தி வெச்சுட்டு நான் கிரைண்டர்லேருந்து மாவை அள்ளிக்கிட்டு இருப்பேன். அந்த நேரத்துல காதுல விழுற மொத வார்த்தை இது. எனக்கு அடிவயிறு கலங்கிப் போயிடும்.

“ஏம்ப்பா, உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போ.”

“போறது தெரியும்க்கா. வர்றது தெரியாதே.”

“டீக்கடைக்குத்தானடா போற?”

“ஆமாக்கா. இருந்தாலும் தெரியாதுல்ல?”

எகத்தாளமாச் சொல்லியிருந்தா வெளக்கமாத்தால ரெண்டு வெச்சிருப்பேன். அவன் பச்சப் புள்ளையாட்டம் மூஞ்சிய வெச்சுக்கிட்டு, நெசமாவே யோசிச்சுச் சொல்லுவான். அதுக்கு மேல என்னத்தைத் திட்டுறது? இப்ப எங்க இருக்கானோ, என்ன பண்றானோ. பேரு கூட வாயில நிக்கல. தெருவே அவனைத் ‘தெரியாது தம்பி’ன்னுதான் கூப்புட்டுச்சு.

எனக்கு ஏன் வயிறு கலங்குச்சுன்னு சொல்லணும். எங்க வூட்டுக்காரரு சிமெண்ட் லாரி ஓட்டிக்கிட்டு இருந்தவரு. பிரியா, அதான் எங்க ஒரே மக, பள்ளிக்கூடம் போயிக்கிட்டு இருந்த காலத்துல ஒருநாள் ‘திருச்சி வரைக்கும் போயிட்டு வரேன்’னு சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்புனாரு. போனவரு போனவருதான். முந்தின நாள் சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. போனு சுவிட்ச் ஆஃப். ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தோம். போட்டோ கேட்டாங்க, இருந்ததுலயே நல்ல போட்டோவா பார்த்துக் குடுத்தோம். ஆளும் வரல, போட்டோவும் திரும்பி வரல. அதுக்கப்புறம் இந்த அரியலூர்ல மாவரைச்சு வித்துத்தான் பிரியாவை நர்சு படிப்பு படிக்க வெச்சேன். அவளுக்குப் பெரம்பலூர்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலையும் கிடைச்சிடுச்சு.

இந்தத் தம்பியோட கூட்டம் வூடு பாக்க வந்தப்ப, என்ன வேலைன்னு கேட்டேன். தொலைஞ்சு போன படங்களைத் திரும்ப எடுக்கிறோம்னான்.

“தொலைஞ்சு போனதை எதுக்குப்பா எடுக்கணும்? இருக்கிற படத்தைப் பாக்கவே ஆளில்லாம இங்க தியேட்டரைக் கல்யாண மண்டபம் ஆக்கிட்டாங்க.”

“இது பரிசோதனைப் படம்க்கா.”

யாருக்குச் சோதனைன்னு அப்ப எனக்குப் புரியல.

அவன்கூட சேர்ந்து படம் எடுக்கிறவ ஒரு பொண்ணு. தலையை ஒட்ட கிராப்பு வெட்டிக்கிட்டு, காதுல ஒரு பக்கம் மட்டும் தோடு போட்டிருப்பா. கெட்டிக்காரி. என்னை ‘ஆன்ட்டி’ன்னு கூப்புட்டா, அது ஒண்ணுதான் எனக்குப் பிடிக்கல. ரெண்டு பேரும் டைரக்டரு. அவளுக்கு எதைக் கேட்டாலும் தெரியும், இவனுக்கு எதைக் கேட்டாலும் தெரியாது. இப்படி ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு படத்தை எடுத்தா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாத்துக்கங்க.

அவங்க எடுக்க வந்த படம் அந்தக் காலத்துப் படம். பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பாதி ரீல் ஓடிடும், அவ்வளவு நீளம். படச்சுருள் எல்லாம் எப்பவோ எரிஞ்சு போயிடுச்சாம். ஒரு போட்டோ கூட மிஞ்சல. மிஞ்சுனது சினிமாக் கொட்டாயில விக்கிற பாட்டுப் புத்தகம் ஒண்ணு. அதுல பாட்டும், முன்பக்கத்துல கதைச்சுருக்கமும் இருந்துச்சு. ராஜாகிட்ட வேலை பாக்குற ஒருத்தன் கல்யாணம் ஆன புதுசுல ஆத்தைத் தாண்டி ஏதோ வேலையாப் போறான். பொண்டாட்டி கரையில நின்னுக்கிட்டே இருக்கா. ‘அவன் திரும்பினானா? அபலையின் கதி என்ன? மீதியை வெள்ளித்திரையில் காண்க.’ அவ்வளவுதான். அந்தக் காலத்துல பாட்டுப் புத்தகத்துல கதையை இந்த இடத்தோட நிறுத்திடுவாங்க, முடிவு தெரியணும்னா டிக்கெட் வாங்கு. இப்ப வெள்ளித்திரையும் இல்ல, மீதியும் இல்ல.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. “இந்தக் கதைக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? என்னைப் பாத்தாலே போதுமே.”

கிராப்புப் பொண்ணு அதைக் கேட்டு ஏதோ எழுதிக்கிட்டா. தம்பி மட்டும் சிரிக்கல. “உங்களுக்கும் மீதி தெரியாதாக்கா?”ன்னு கேட்டான். இத்தனை வருஷத்துல அந்தக் கேள்வியை யாரும் என்கிட்ட கேட்டதே இல்ல. எல்லாரும் மீதியைச் சொல்லத்தான் வந்தாங்க.

அவன் தெரியாதுன்னு சொன்ன கதையெல்லாம் சொன்னா பொழுது போயிடும். பஸ் ஸ்டாண்டுல ஒரு பெரியவரு, “தம்பி, இந்த பஸ்ஸு பெரம்பலூரு போவுமா?”ன்னு கேட்டிருக்காரு. இவன் நிமுந்து பாத்துட்டு, “போர்டுல அப்படித்தாங்க போட்டிருக்கு”ன்னிருக்கான். “போவுமா போவாதா?” “அதை நான் எப்படிங்க சொல்றது?” அவரு பயந்துபோய் ஏறாம நின்னுட்டாரு. பஸ்ஸு பெரம்பலூருக்குப் போயிடுச்சு. எங்க வூட்டு மாவுல சுட்ட தோசையைப் போட்டு, நல்லாருக்கான்னு கேட்டா, “இது நல்லாருக்குக்கா. அடுத்தது இன்னும் வரலையே”ம்பான். மழை வருமா, மாவு புளிச்சிடுமா, கரண்ட் நிக்குமா, எதுக்கும் அவன்கிட்ட பதில் இல்ல.

அதுக்காக ஒண்ணுமே தெரியாதவன்னு நெனைச்சுடாதீங்க. எங்க ஊரு ஒரு காலத்துல கடலா இருந்துச்சுன்னு சொல்லுவாங்க, சுண்ணாம்புக் குழியில சங்கும் சிப்பியும் கல்லாக் கெடக்கும். அதெல்லாம் நெசமாப்பான்னு ஒருநாள் கேட்டேன். எதுக்கும் தெரியாதும்பானே, அன்னிக்கு மட்டும் சட்டுன்னு, “அது தெரியும்க்கா. கடல்தான்”ன்னான். பாக்கெட்டுலேருந்து ஒரு கல்லுச் சிப்பியை எடுத்து என் கையில வெச்சான். “இந்தா இருக்குல்ல?” கையில இருந்தா தெரியும், இல்லாட்டி தெரியாது. அவன் கணக்கு அவ்வளவுதான்.

இந்தக் கணக்கோட அவன் படம் எடுத்த அழகு இருக்கே, அப்பப்பா. கதையில ஒரு இடத்துல ‘குதிரையில் விரைந்தான்’னு வருது. பெரம்பலூர்லேருந்து மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போற வெள்ளைக் குதிரையைக் கொண்டாந்தாங்க. தம்பி குதிரையைச் சுத்திச் சுத்தி வந்தான். “குதிரை என்ன நெறம்னு புத்தகத்துல போடலையே”ன்னான். கிராப்புப் பொண்ணு, வெள்ளை, கருப்பு, செவலைன்னு மூணு குதிரை வெச்சு மூணு தடவை எடுப்போம்னா. அதுக்கு இவன் ஒத்துக்கல. கடைசியில வூட்டுக்கு ஓடியாந்து, கொடியில காஞ்ச என் போர்வையை எடுத்துக்கிட்டுப் போய் குதிரை மேல போர்த்திட்டான். கண்ணு மறைஞ்ச குதிரை கத்திரித் தோட்டத்துக்குள்ள பூந்துடுச்சு. படத்துல போர்வை ஒண்ணு கத்திரிச் செடியெல்லாம் மிதிச்சுக்கிட்டு விரையும். அந்தப் போர்வையை எத்தனை தடவை தொவைச்சும் குதிரை வாசம் போகல.

பாட்டுக்கும் இதே கதிதான். புத்தகத்துல பாட்டு இருந்துச்சு, ராகம் பேரும் இருந்துச்சு, மெட்டு இல்ல. அதனால மெட்டே போடக் கூடாதுன்னுட்டான். பக்கத்து வூட்டு ரேஷன் கடைப் பொண்ணைக் கூப்புட்டு வெச்சு வாசிக்கச் சொன்னான். ‘என்னாருயிர் நாதா, எங்கு சென்றீரோ’ன்னு அது வாசிச்சது, நாளைக்குப் பாமாயில் கிடையாதுன்னு சொல்ற மாதிரியே இருந்துச்சு.

இதுக்கெல்லாம் மேல நடிகருங்க மூஞ்சி. படத்துல நடிச்சவங்க போட்டோ ஒண்ணு கூட கிடைக்கல. மூஞ்சி தெரியாதவங்களுக்கு நாம எப்படி மூஞ்சி வெக்கிறதுன்னு கேட்டு, எல்லாரையும் முதுகுப் பக்கமாவே எடுத்தான். எங்க கொழுந்தனாரு, அதான் எங்க வூட்டுக்காரரோட தம்பி, ராஜா வேஷத்துக்கு வந்தாரு. மீசைக்கு டை அடிச்சு, கல்லங்குறிச்சியில இருக்கிற சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிட்டு வந்தாரு. அவரை செவுத்தைப் பாத்து உக்கார வெச்சு கிரீடத்தை மட்டும் எடுத்தாங்க. கதாநாயகியா நிக்க என்னைக் கேட்டாங்க.

“என் வயசென்ன, அந்தப் பொண்ணு வயசென்ன? புதுசாக் கல்யாணம் ஆனவ இல்ல?” எனக்கு வெக்கமாப் போச்சு.

“வயசு புத்தகத்துல இல்லக்கா”ன்னான்.

இந்த நேரத்துலதான் பிரியாவுக்கு வரன் வந்துச்சு. பூலாம்பாடிக்காரங்க, நல்ல குடும்பம். மாப்பிள்ளையோட அம்மா தெருவுல விசாரிக்க வந்திருக்காங்க. விசாரிக்கிறதுன்னா எப்படின்னு உங்களுக்குத் தெரியும். நாலு வூட்டுல தண்ணி வாங்கிக் குடிச்சு, அப்படியே பேச்சுக் குடுக்கிறது. அந்தம்மா கடைசியில மாடிப்படியில உக்காந்திருந்த நம்மாளுகிட்டயே வந்து, பொண்ணோட அப்பா எங்கங்கன்னு கேட்டிருக்காங்க.

“தெரியாதுங்க”ன்னிருக்கான்.

விசாரிக்க வந்தவங்ககிட்ட தெரியாதுன்னா என்ன அர்த்தம்? சொல்றதுக்கு நல்லபடியா ஒண்ணும் இல்ல, வாயைக் கிளறாதீங்கன்னு அர்த்தம். அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. மாவுக் கையோட மாடிக்கு ஏறிட்டேன். “பாவி, என் பொண்ணு வாழ்க்கையில மண்ணைப் போட்டியேடா! நல்லவரு, வெளிநாட்டுல இருக்காருன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் சொத்தா அழிஞ்சிடும்?”ன்னு கத்துனேன். அவன் எந்திரிச்சு நின்னான். “எனக்குத் தெரியாதுக்கா. உங்களுக்கும் தெரியாதுன்னும் சொன்னேன்”ன்னான். தலையில அடிச்சுக்கிட்டு எறங்கி வந்துட்டேன். ஆனா வரன் தட்டிப் போகல. பொண்ணு பாத்து, பூ வெச்சு, பெரம்பலூர்ல மண்டபமும் பேசிட்டாங்க. எப்படின்னு எனக்கே ஆச்சரியம்.

அடுத்த சிக்கல் பத்திரிகையில வந்துச்சு. கல்யாணப் பத்திரிகையில பொண்ணோட அப்பா பேருக்கு முன்னாடி என்ன போடுறது? இருக்கிறவருன்னா ‘திரு’. இல்லாதவருன்னா ‘காலஞ்சென்ற’. எங்க வூட்டுக்காரருக்கு எதைப் போடுறது? கொழுந்தனாரு சட்டமா வந்து நாற்காலியில உக்காந்தாரு.

“காலஞ்சென்றன்னே போட்டுடலாம் அண்ணி. இருந்தும் வராத அப்பன்னா நாலு பேரு கேவலமாப் பேசுவான். செத்துப்போன அப்பன்னா பாவம்னு உச்சு கொட்டிட்டு மொய் வெச்சுட்டுப் போவான்.”

“அவரு செத்ததை நீங்க பாத்தீங்களா?”

“பாக்கணுமா என்ன? வர்ற அமாவாசைக்குத் திருமழபாடியில ஆத்தோரமா ஒரு காரியத்தைப் பண்ணிடுவோம். அய்யருகிட்ட சொல்லிட்டேன்.” தரையைப் பாத்துக்கிட்டு, “கழுத்துல இருக்கிறதையும் அன்னிக்கே எறக்கிடலாம்”னாரு.

“அப்ப மணவறையில யாரு நின்னு தாரை வார்க்கிறது?”

“நானும் உங்க ஓரவத்தியும் நின்னுக்கிறோம். நீங்க எதுக்கு அண்ணி சிரமப்படணும்? பின்னாடி பந்தியைக் கவனிச்சுக்கங்க, அதுக்கும் ஆளு வேணும்ல?”

அழுகை வந்துச்சு. அதைவிட ஆத்திரம் ஜாஸ்தியா வந்துச்சு. ஒத்தையா நின்னு வளத்த பொண்ணு. அவ கல்யாணத்துல நான் சாம்பார் வாளி பக்கத்துல நிக்கணுமாம். ஆனா வாயைத் தொறந்து ‘திரு’ன்னு போடுங்கன்னு சொல்லவும் என்னால முடியல. உசுரோட இருக்காருன்னு எந்த தைரியத்துல போடச் சொல்றது? திருன்னு போட்டா மண்டபத்துக்கு வர்ற ஒவ்வொருத்தரும், அப்பா எங்கன்னு என் மூஞ்சியைப் பாத்துக் கேப்பாங்க. பிரியா ஒரே வார்த்தைதான் சொன்னா, “நீ முன்னாடி நிக்கலன்னா நான் மணவறையில உக்கார மாட்டேம்மா.”

மனசு தாங்காம தம்பிகிட்டயே கேட்டேன். படிச்சவன், நாலு எடம் பாத்தவன். “நீ சொல்லுப்பா, என்ன போடலாம்?”

“தெரியாதுக்கா”ன்னான்.

“போடா!”ன்னுட்டு வந்துட்டேன்.

அந்த வாரம்தான் திருமழபாடியில என் முதுகை எடுத்தாங்க. கொள்ளிடத்துல தண்ணி எங்கயோ ஒரு ஓரமா ஓடிக்கிட்டு இருந்துச்சு, மத்ததெல்லாம் மணலும் நாணலும். காரியம் பண்ண அய்யரு சொல்லியிருந்த எடமும் அந்தப் படித்துறைதான். ஒரு பழைய பட்டுப் புடவையைக் கட்டிவிட்டு, ஆத்தைப் பாத்து நிக்க வெச்சாங்க.

தம்பி பின்னாடியிருந்து சொன்னான், “அவரு வருவாருன்னு நெனைக்க வேணாம்க்கா. வர மாட்டாருன்னும் நெனைக்க வேணாம்.”

“பின்ன என்னத்தைடா நெனைக்கிறது?”

“ஆத்தைப் பாருங்க, போதும்.”

பாத்தேன். தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு. எருமை ஒண்ணு படுத்திருந்துச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க, நல்லாருந்துச்சு. எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அவரு எங்க இருப்பாருன்னு நெனைக்காம கொஞ்ச நேரம் நின்னேன்.

பின்னாடி டைரக்டருங்க ரெண்டு பேருக்கும் சண்டை முத்திப் போச்சு. மீதியை என்ன பண்றதுன்னு. கிராப்புப் பொண்ணு சொன்னா, “மூணு முடிவு எடுப்போம். திரும்பி வந்துட்டான்னு ஒண்ணு, செத்துட்டான்னு ஒண்ணு, வேற ஒருத்தியைக் கட்டிக்கிட்டான்னு ஒண்ணு. எது வேணுமோ ஜனங்க எடுத்துக்கட்டும்.”

நான் திரும்பாமலே சொன்னேன், “இந்த மாதிரி மூணு முடிவை எங்க தெருவுல எப்பவோ எடுத்து ஓட்டிட்டாங்கம்மா.”

தம்பி அசையவே இல்ல. புத்தகம் எங்க நிக்குதோ படமும் அங்க நிக்கணும், மிச்ச நேரம் முழுக்கத் திரையை இருட்டா விடணும்னான். தொலைஞ்ச ரீலு எவ்வளவு நேரம் ஓடியிருக்குமோ அவ்வளவு நேரம் இருட்டு. ரெண்டு நாளு பேசிக்காம இருந்தாங்க. அப்புறம் அந்தப் பொண்ணு, இருட்டுங்கிறதே பெரிய அரசியல்னு ஏதோ சொல்லிக்கிட்டு ஒத்துக்கிட்டா. அவளுக்கு எல்லாம் தெரியும்னு நான் முன்னாடியே சொன்னேன்ல?

படத்தைப் போட்டுக் காட்டுனது நம்ம ஊரு மண்டபத்துல, பழைய தியேட்டரா இருந்துச்சே, அதுலதான். மத்தியானக் காட்சி. சன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டிட்டாங்க. நடிச்சவங்க, நடிச்சவங்க சொந்தம், தெரு முச்சூடும் வந்துடுச்சு. பூலாம்பாடியிலேருந்து சம்பந்தியம்மாவும் வந்திருந்தாங்க. படம் முடிஞ்சதும் அவங்களை வெச்சுக்கிட்டு அப்படியே பிரஸ்ஸுக்குப் போய் பத்திரிகையை முடிச்சிடணும்னு கொழுந்தனாரு ஏற்பாடு. ‘காலஞ்சென்ற’ன்னு கம்போஸ் பண்ணியே வெச்சிருந்தாரு.

படம் ஓடுச்சு. முதுகு வந்துச்சு, இன்னொரு முதுகு வந்துச்சு, கிரீடம் வந்துச்சு. போர்வை போர்த்துன குதிரை வந்தப்ப மட்டும் விசில் அடிச்சாங்க. ரேஷன் பொண்ணு பாட்டை வாசிச்சப்ப ஒரு ஆளு, “சக்கரை எப்பம்மா போடுவீங்க?”ன்னு கேட்டுட்டான். அப்புறம் கொள்ளிடக் கரையில என் முதுகு. ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ன்னு எழுத்து. அதோட இருட்டு.

“ஏய், கரண்ட் போச்சுடா!”

மண்டபத்து வாட்ச்மேனு பாவம், கடமை தவறாத மனுஷன். பின்பக்கம் ஓடி ஜெனரேட்டரைப் போட்டுட்டாரு. டபடபன்னு சத்தம், எல்லா லைட்டும் பளிச்சுன்னு எரிஞ்சுது. எல்லாரும் கை தட்டுனாங்க. தம்பி நடுவுல ஓடியாந்து கையெடுத்துக் கும்பிட்டான். “கரண்ட் இருக்குங்க! படம்தாங்க இல்ல!”

ஒரு வழியா லைட்டை அணைச்சாங்க. திரும்ப இருட்டு. கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்த ஜனம் பேச ஆரம்பிச்சுடுச்சு.

“அவன் வந்திருப்பான்டி.”

“வந்திருந்தா காட்டியிருக்க மாட்டாங்களா?”

“நம்ம மாவுக்காரம்மா கதையாட்டமே இல்ல?”

“அட, அந்தாளைத்தான் திருப்பூர்ல பனியன் கம்பெனி வாசல்ல பாத்தாங்களே. கையில ஒரு கொழந்தையோட.”

“யாரு சொன்னது? பழனியில காவி கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு.”

“கேரளாவுக்குப் போன லாரி கவுந்ததுல அவரும் போயிட்டாருப்பா.”

நான் மூணாவது வரிசையில உக்காந்திருக்கிறது அந்த இருட்டுல யாருக்குத் தெரியும்? என் புருஷனை எனக்கு முன்னாடியே பங்கு போட்டுக்கிட்டாங்க. அப்ப கொழுந்தனாரு குரலு, மேடைப் பேச்சு மாதிரி, “அண்ணன் தவறிட்டாருங்க. பத்திரிகையே அப்படித்தான் அடிக்கிறோம்.”

எந்திரிச்சுட்டேன். எப்படி எந்திரிச்சேன்னு தெரியல.

“எனக்குத் தெரியாது!” என் குரலு எனக்கே புதுசா இருந்துச்சு. “கட்டிக்கிட்ட எனக்கே தெரியாது. இருக்காரா இல்லையான்னு உங்க ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசாதீங்க. இத்தனை வருஷமாக் கேட்டுட்டேன், இனிமே கேக்க மாட்டேன்!”

வாட்ச்மேன் நிறுத்த மறந்த ஜெனரேட்டர் மட்டும் பின்னாடி டபடபன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒருத்தன் மெதுவா பக்கத்துல கேட்டான், “இதுவும் படத்துல வர்றதா?”

சம்பந்தியம்மா என் கையைப் பிடிச்சு உக்கார வெச்சாங்க. காதோரமா பேசுனாங்க.

“உங்க தெருவுல விசாரிக்க வந்தன்னிக்கு ஆளுக்கொரு கதை சொன்னாங்க. எதை நம்புறதுன்னே தெரியல. அந்தத் தம்பி ஒருத்தருதான் தெரியாதுன்னாரு, அக்காவுக்கும் தெரியாதுன்னாரு. பொய் சொல்றவங்க வூடு இல்லன்னு அதை வெச்சுத்தாங்க பொண்ணு எடுக்கிறோம்.”

கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். இருட்டு இருந்ததுல ஒரு வசதி.

“பத்திரிகையில பேரை மட்டும் போடட்டுங்களா? முன்னாடி ஒண்ணும் போடாம?”ன்னு கேட்டேன்.

“போடுங்க. கழுத்துல இருக்கிறது கழுத்துலயே இருக்கட்டும். தெரியாத ஒண்ணுக்காக எதுக்குக் கழட்டணும்? நீங்கதான் முன்னாடி நிக்கணும்.”

வெளிய வந்ததும் கொழுந்தனாரு ஆரம்பிச்சாரு. சம்பந்தியம்மாவே சொல்லிட்டாங்கன்னதும் கப்புன்னு அடங்கிட்டாரு. அமாவாசை அய்யருக்கு அவரே போன் போட்டு வேணாம்னுட்டாரு. கடைசிவரைக்கும் அவருக்கு இருந்த வருத்தமெல்லாம், “மீசையை ஒரு தடவையாச்சும் காட்டியிருக்கலாம்”ங்கிறதுதான்.

பிரஸ்ஸுலேருந்து கூப்புட்டாங்க. “அம்மா, அப்பா பேருக்கு முன்னாடி இடம் காலியா இருக்கு. எதோ விட்டுப் போச்சு.”

“விட்டுப் போகலப்பா. விட்டிருக்கேன்”னேன்.

பட வேலை முடிஞ்சதும் மாடியில இருந்த கூட்டம் கலைஞ்சுடுச்சு. கிராப்புப் பொண்ணு மொதல்ல கிளம்பிட்டா. தம்பி கடைசியா, பையைத் தூக்கிக்கிட்டு எறங்கி வந்து சாவியைக் குடுத்தான். நான் பத்திரிகையைக் குடுத்தேன். பிரிச்சு, அந்தக் காலி இடத்தை ரொம்ப நேரம் பாத்தான்.

“கல்யாணத்துக்கு வருவியாப்பா?”

“தெரியாதுக்கா.”

“அது தெரிஞ்சதுதானே.”

சிரிச்சான். வாசப்படியில நின்னு, “போறேன்க்கா”ன்னான்.

அன்னிக்கு எனக்கு வயிறு கலங்கல. “போப்பா”ன்னேன்.

கல்யாணத்தன்னிக்கு மணவறையில நான்தான் நின்னேன். பட்டுப் புடவை கட்டி, பூ வெச்சுக்கிட்டு. ஓரமா நின்ன நாலு பேரு முணுமுணுத்தாங்க, முணுமுணுக்கட்டும். சம்பந்தியம்மா திரும்பி ஒரு பார்வை பாத்தாங்க, சத்தம் நின்னுடுச்சு. தேங்காயைக் கையில வெச்சுத் தாரை வார்க்கிற நேரம், மறைக்காம சொல்றேன், என் கண்ணு வாசலுக்குத்தான் போச்சு. எப்படியாச்சும், யாரு கையிலேருந்தாச்சும், ஒரு பத்திரிகை அவருக்குக் கிடைச்சிருக்காதா? பேரைப் பாத்துட்டு வர மாட்டாரா? கையில ஊத்துன தண்ணி வழியிறது கூடத் தெரியாம பாத்துக்கிட்டே நின்னேன்.

வாசல்ல செருப்பைக் கழட்டிக்கிட்டு ஒருத்தன் உள்ள வந்தான். தோள்ல பை, கழுத்துல கேமரா. நம்ம தம்பி.

போயிட்டு வரேன்னு சொன்னவரு வரல. போறேன்னு சொன்னவன் வந்துட்டான்.

தாலி கட்டி முடிஞ்சு மேடைக்கு வந்தான். ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாக்கான்னான். பழக்க தோஷம், நான் பாட்டுக்கு அவனுக்கு முதுகைக் காட்டி நின்னுட்டேன். பிரியா விழுந்து விழுந்து சிரிச்சா.

“நேரா திரும்புங்கக்கா”ன்னான்.

“ஏண்டா, மூஞ்சி எடுத்தா உனக்கு ஆவாதே?”

கேமராவைக் கண்ணுல வெச்சுக்கிட்டே சொன்னான்.

“இந்த மூஞ்சி எனக்குத் தெரியும்க்கா.”